ஈரச் சாக்கு வாடையின் வரலாறு

வாடை தங்குவதற்கு ஓர் அறை வேண்டும். மோட்டார் கார் பிறந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் பெரும்பாலான கார்களுக்கு அந்த அறை இல்லை. 1919-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்துக்கு ஒன்பது திறந்த வண்டிகள். மழை வந்தால் மடக்குக் கூரையை இழுத்துவிட்டு, பக்கத்துக்குப் படுதா மாட்டி, அரைகுறையாக நனைந்தபடியே ஓட்டுவார்கள். நனைந்த சீட்டு மறுநாள் வெயிலிலும் காற்றிலும் காய்ந்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸை நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன் தன் நூலில் தரும் கணக்குப்படி, மூடிய கார்களின் பங்கு 1924-ல் 43 சதவீதம், 1926-ல் 72, 1927-ல் 85. பத்தாண்டுக்குள் கார் என்பது கதவும் கண்ணாடியும் வைத்த அறையாகிவிட்டது. பழைய கார் ஒன்றின் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற அந்த ஈரச் சாக்கு வாடை குடிவந்தது அப்போதுதான்.

அந்த அறையைக் கட்டியவர்கள் குதிரை வண்டிக்குப் பெட்டி கட்டிய தச்சர்களும் குஷன்காரர்களும். லண்டனிலும் பாரிஸிலும் அப்படித்தான். மெட்ராஸில் 1840-ல் தொடங்கிய மௌண்ட் ரோடு சிம்சன் கம்பெனியும் குதிரை வண்டி கட்டிக் கைதேர்ந்த பிறகே மோட்டார் பாடிக்கு வந்தது. சாரட்டுக்குப் பழகிய சரக்கையே இவர்கள் காருக்குள்ளும் வைத்தார்கள். சட்டத்துக்கு ஆஷ் மரம், சீட்டுக்குள் குதிரைமயிர், மேலே தோல் அல்லது கம்பளித் துணி, காலடியில் கம்பளி விரிப்பு, அதற்கு அடியில் சணல் ஃபெல்ட். எல்லாம் ஒருகாலத்தில் உயிரோடிருந்தவை. பூஞ்சைக்கு இதைவிட நல்ல விருந்து அமையாது.

குதிரைமயிர்த் தொழிலைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பிடரியிலும் வாலிலும் வெட்டிய மயிரைக் கழுவி, கயிறாக முறுக்கி, வேகவைத்து, நன்றாகக் காயவைப்பார்கள். பிறகு முறுக்கைப் பிரித்தால், நெளிவு மயிரிலேயே நின்றுவிடும். அப்படி நெளிந்த மயிரை அடைத்த சீட்டு அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும். மலிவான சரக்கில் பன்றி மயிரும் மாட்டு மயிரும் கலந்திருக்கும். சீனா, சைபீரியா, ரஷ்யாவிலிருந்து வந்த மயிர்ப் பொதிகளோடு ஆந்த்ராக்ஸ் கிருமியும் கப்பலேறி வந்து தொழிலாளர்களைக் கொன்றது. அதனால் அந்நாட்டு மயிரைக் கையாளும் பட்டறைகளுக்கென்றே பிரிட்டன் 1907-ல் கிருமிநீக்க விதிகளைக் கொண்டுவந்தது. முடியும் கம்பளியும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. கந்தகம் கலந்த புரதம் அது. ஈரம்பட்டால் நனைந்த நாயின் மேல் அடிக்கிற நெடி கிளம்பும். அந்துப்பூச்சிக்கும் இதே புரதம்தான் சாப்பாடு என்பதால் உடைமைக்காரர்கள் சீட்டுக்கு அடியில் அந்துருண்டை போட்டார்கள். அடுத்த தலைமுறைக்கு இரண்டு வாடையும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தது.

சணலின் கதையும் சுவையானதுதான். வங்காளத்துச் சணல் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகளுக்குப் போயிற்று. முரட்டு நாரை இளக்க அங்கே முதலில் திமிங்கல எண்ணெயைத் தெளித்தார்கள், பிற்பாடு கனிம எண்ணெயை. சாக்குக்கென்று இருக்கிற தனி மணம் அந்த எண்ணெயில் பாதி, நாரில் பாதி. கார் விரிப்புக்கு அடியில் ஒட்டிய ஃபெல்ட்டும் அதே குடும்பம். அது தண்ணீரை உறிஞ்சும், ஆனால் விடாது. மேலே விரிப்பு காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும்போதும் அடியில் ஃபெல்ட் மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

தோலைப் பற்றிச் சொல்லும்போது கொனலி சகோதரர்களை விட முடியாது. 1878-ல் லண்டனில் தொடங்கிய இவர்களுடைய பட்டறை ரோல்ஸ்-ராய்ஸுக்கும் ஜாகுவாருக்கும் தோல் கொடுத்தது; பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இருக்கைகளுக்கும் கொடுத்தது. முள்வேலி கீறிய தழும்பும் பூச்சி துளைத்த ஓட்டையும் குறைவு என்பதால் ஸ்காண்டிநேவிய மாட்டுத் தோலை விரும்பி வாங்கினார்கள். பதனிட்ட தோலில் எண்ணெயும் கொழுப்பும் ஏற்றி மிருதுவாக்குவது இவர்களுடைய குலத்தொழில். பழைய பிரிட்டிஷ் கார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சொல்லும் ‘தோல் வாசனை’ அந்தக் கொழுப்பும், பதனிட உதவிய மரப்பட்டைச் சாறும் சேர்ந்தது. 2002-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. தோலுக்கு வசதி இல்லாதவர்களுக்கு மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் செய்த ரெக்சின் இருந்தது. துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசி, விறைக்காமலிருக்க ஆமணக்கெண்ணெய் சேர்த்த சரக்கு. அந்த எண்ணெய் நாளாக ஆகக் கெட்டு வேறொரு நெடியைக் கொடுத்தது.

இவையெல்லாம் காய்ந்து கிடக்கும்வரை தொந்தரவு இல்லை. ஆனால் அந்தக் காலத்துக் கார் தண்ணீரை உள்ளே விடாமல் இருக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

முதலில் கூரை. 1930-களின் நடுப்பகுதிவரை மூடிய கார்களின் கூரையில் நடுப்பாகம் தகரமே அல்ல. அவ்வளவு அகலமான எஃகுத் தகட்டை உருட்டவும் அச்சில் அழுத்தி எடுக்கவும் ஆலைகளுக்கு வசதி வரவில்லை. மர விட்டங்கள்மேல் கம்பிவலை, பஞ்சு, அதற்குமேல் பூச்சுத் துணி என்று மூடி, ஓரத்தில் ஆணியடித்து முடித்தார்கள். துணி வெடித்தால் மழை நேராகப் பஞ்சுக்குள் இறங்கும், அங்கிருந்து கம்பளி உள்கூரைக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களில் ‘டரெட் டாப்’ என்ற ஒரே தகட்டுக் கூரையைக் கொண்டுவந்த பிறகே இந்தத் தலைவலி தீரத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1920-களில், சார்ல்ஸ் வேமன் என்ற விமானி பாரிஸில் பிரபலமாக்கிய பாடி துணிக் கூரையைவிட ஒரு படி மேலே போனது. மரத்துண்டுகள் ஒன்றோடொன்று உரசாதபடி இடையில் உலோகத் தகடு வைத்து இணைத்து, பாடி முழுவதையும் துணியால் போர்த்தினார். சத்தமே இல்லாத இலேசான கார் கிடைத்தது. பணக்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். பத்து மழைக்காலம் தாங்கியவை குறைவு.

தகரம் வந்தும் தண்ணீர் ஓயவில்லை. 1959 ஆகஸ்ட் 26 அன்று வெளியான மினியைப் பாருங்கள். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த அந்தச் சின்னக் கார் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் வாங்கியவர்கள் முதல் குளிர்கால மழையில் சாக்ஸைப் பிழிந்தார்கள். முன்பக்கத் தரைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பு தப்பான திசையைப் பார்த்திருந்தது. சக்கரம் வாரியடித்த தண்ணீரை அந்த விளிம்பு ஏந்தி உள்ளே அனுப்பியது. சோதனை ஓட்டத்தில் ஏன் தெரியவில்லை? 1959 கோடையில் இங்கிலாந்தில் மழை மிகக் குறைவு. சில மாதங்களில் தகடு மாற்றப்பட்டது. அதற்குள் விற்றுப்போன வண்டிகளின் விரிப்பும் ஃபெல்ட்டும் ஊறிவிட்டன. அதே நாட்டில் 1953 முதல் 1971 வரை விற்ற மோரிஸ் மைனர் டிராவலரின் பின்பாதிச் சட்டம் வெளியே தெரியும் ஆஷ் மரம். கவனிக்காமல் விட்டவர்களின் வண்டியில் அந்தச் சட்டத்தின் இடுக்குகளில் பாசி படர்ந்தது, சில நேரம் காளானும் முளைத்தது.

பீட்டிலின் வாடை தனி ரகம். வோக்ஸ்வாகன் பீட்டிலில் ஒருமுறை ஏறியவர்கள் கண்ணைக் கட்டிவிட்டாலும் அதை அடையாளம் சொல்வார்கள். காரணங்களில் முதன்மையானது நமக்கு நெருங்கிய சொந்தம், தேங்காய்நார். நாரை நெளித்துப் பரப்பி ரப்பர் பாலைத் தெளித்து வேகவைத்த மெத்தை, ஸ்பிரிங்குகளுக்கு மேல் போட்டிருப்பார்கள். நம் கடைகளில் விற்கும் ரப்பர் பூசிய நார் மெத்தைக்குள் இருப்பதும் அதுதான். மெர்சிடிஸும் நீண்ட காலம் இவ்வகை நார் மெத்தையைச் சீட்டில் வைத்தது. இலங்கையில் தேங்காய் மட்டையை ஊறவைத்து அடித்து எடுத்த தும்பில் நீண்டு விறைத்தது பிரஷ் செய்யப் போகும். குட்டையாக நெளிந்தது ‘மெத்தை நார்’ என்ற வணிகப் பெயரிலேயே கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும். மட்டை ஊறும் குட்டையின் நாற்றத்தை அறிந்தவர்களுக்கு, அந்த நார் திரும்ப நனைந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டாம். லிக்னின் நிறைய இருப்பதால் தேங்காய்நார் சீக்கிரம் மக்காது. முதலில் கெட்டுப்போவது அதை ஒட்டிப் பிடித்த ரப்பர்தான். பிறகு நார் பழுப்புத் தூளாகி விரிப்பில் உதிரும். பீட்டிலுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பின்சீட்டுக்கு அடியில்தான் பேட்டரி. கனத்த ஆள் உட்கார்ந்து ஸ்பிரிங் பேட்டரியின் முனையைத் தொட்டுவிட்டால், வாடையோடு புகையும் வரும். நார் தீப்பற்றி எரிந்த வண்டிகள் உண்டு.

நார், மயிர், சணல் எல்லாவற்றையும் வெளியேற்றியது நுரை. டன்லப் ஆட்கள் 1929-ல் பர்மிங்காமில் ரப்பர் பாலை முட்டை அடிப்பதுபோல் அடித்து நுரையாக்கினார்கள். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழு பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தது. போருக்குப் பிறகு மலிவான நுரை சீட்டுகளைப் பிடித்துக்கொண்டது. இனி மக்காது என்று தொழிற்சாலைகள் நம்பின. ஆனால் நுரையும் தண்ணீரைக் குடிக்கும், அதன் பொந்துகளில் சேரும் தூசியும் தோல் செதிலும் பூஞ்சைக்குப் போதும். வாடையின் சரக்கு மாறியது, வாடை மாறவில்லை.

அந்த வாடை உண்மையில் என்ன? பூஞ்சையும் ஆக்டினோமைசீட் வகை பாக்டீரியாவும் துணி, நார், தூசியைத் தின்று வெளியேற்றும் ஆவிகள். காளான் மணத்துக்குக் காரணமான ஆக்டெனால் அதில் ஒன்று. இன்னொன்று ஜியோஸ்மின். 1965-ல் நான்சி கெர்பரும் ஹூபர்ட் லெசவாலியேயும் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தது. நீரில் லட்சம் கோடிப் பங்குக்குச் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். முதல் மழை விழும்போது நாம் மூச்சை இழுத்து ரசிக்கும் மண்வாசனையிலும் முக்கியப் பங்கு இதே ஜியோஸ்மினுக்குத்தான். வெட்டவெளியில் காற்றோடு கலந்து போகும்போது கொண்டாடுகிறோம். மூடிய அறைக்குள் காளான் ஆவியோடும் நனைந்த கம்பளியோடும் சேர்ந்து தேங்கும்போது முகத்தைச் சுளிக்கிறோம். பூஞ்சை முளைக்க வெள்ளம் வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி நீடித்தால் போதும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் அதற்குத் தனி முயற்சி தேவைப்படாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டிலிருந்து பிறந்து 2014 வரை தயாரான அம்பாசடரை ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் நிறுத்திவைத்துக் கதவைத் திறந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஈரம் உள்ளே வருவது பாதிக் கதை. வெளியே போக வழி இல்லாதது மீதி. பழைய கார்களில் ஜன்னலைத் திறக்காமல் காற்று மாறாது. 1964 அக்டோபரில் ஃபோர்டு கார்ட்டினாவில் ‘ஏரோஃப்ளோ’ வந்தது. முன்பலகை வழியே காற்று நுழையும், பின்தூண் துவாரங்கள் வழியே வெளியேறும். கண்ணாடியை ஏற்றிவிட்டும் மூச்சுவிடலாம் என்று விளம்பரம் செய்தார்கள். இன்றைய கார்கள் எல்லாம் அந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. அதற்கு முந்திய கார்களில் மூச்சுக்காற்றின் ஈரமும் சிகரெட் புகையும் உள்கூரைத் துணியில் ஏறி உட்கார்ந்தன. பல கார்களில் பின்சீட்டுக்காரர்களுக்கும் சாம்பல் கிண்ணம் வைத்த காலம் அது.

காற்றுப் புகாமல் அடைத்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரம் ஐம்பதாண்டுச் சோதனை நடத்தியது, தெரியாமலே. மாநிலம் உருவான பொன்விழாவையொட்டி 1957 ஜூன் 15 அன்று, நீதிமன்றப் புல்வெளிக்கு அடியில் கட்டிய கான்கிரீட் அறையில் புத்தம்புதிய பிளிமத் பெல்வெடியர் கார் ஒன்றை இறக்கி மூடினார்கள். அணுகுண்டையே தாங்கும் என்று சொல்லப்பட்ட அறை. எதிர்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று டப்பாவில் பெட்ரோலும், கூடவே ஒரு பெட்டி பீரும் வைத்தார்கள். 2007-ல் நகரத்தின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று சரியாக ஊகிப்பவருக்குக் கார் பரிசு. 2007 ஜூனில் மூடியைத் தூக்கியபோது உள்ளே தண்ணீர். அரங்கில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் காரைப் போர்த்திய உறையை உரித்தபோது தெரிந்தது சேறு பூசிய துருக்கட்டி. சீட்டுத் துணியும் அடைப்பும் கூழாகியிருந்தன. போட்டியில் வென்றவர் 1979-லேயே இறந்துவிட்டிருந்தார். கார் அவருடைய சொந்தக்காரர்களுக்குப் போய், பின்பு இல்லினாய் மாநிலத்து ரோஸ்கோ ஊர்க் காட்சியகத்துக்குச் சென்றது. டல்சாக்காரர்கள் 1998-ல் இன்னொரு பிளிமத்தைப் பெட்டகத்தில் வைத்தார்கள். இந்த முறை தரைக்கு மேலே.

நாற்றத்தைப் போக்கும் வியாபாரத்துக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் பால் வண்டி ஓட்டுநர் ஒருவர், சிந்திய பால் புளித்த நெடி தாங்க முடியவில்லை என்று புலம்பினாராம். அதைக் கேட்ட ஜூலியஸ் ஸேமன் என்ற வேதியியலாளர், பைன் மர எண்ணெய்களைப் பற்றித் தாம் படித்ததை வைத்து, எண்ணெய் ஊறிய அட்டையை மர வடிவில் வெட்டிக் கொடுத்தார். 1952-ல் பிறந்த அந்த ‘லிட்டில் ட்ரீ’ இன்றும் கண்ணாடிக்குக் கீழே தொங்குகிறது. நம் ஊரில் அந்த இடத்தில் மல்லிகைச் சரமும் எலுமிச்சையும் தொங்கும். எதைத் தொங்கவிட்டாலும் பூஞ்சை அப்படியே இருக்கும். வாடைமேல் இன்னொரு வாடை ஏறும், அவ்வளவுதான். ஓசோன் இயந்திரம் வைப்பவர்களும் உண்டு. நாற்றம் குறையும், ஆனால் ஓசோன் இயற்கை ரப்பரை வெடிக்கச் செய்யும். கதவு பீடிங் வெடித்தால் அடுத்த மழை உள்ளே வரும்.

வேடிக்கை என்னவென்றால், பழைய வாடைக்கு ஏங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 1990-களில் மரத்துக்கும் தோலுக்கும் பதில் பிளாஸ்டிக் பெருகியபோது, புது ரோல்ஸ்-ராய்ஸில் பழைய மணம் இல்லை என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டார்களாம். 1965 சில்வர் கிளவுட் ஒன்றின் உட்புறக் காற்றை ஆராய்ந்து, 800 கூறுகளைப் பிரித்து, அந்த மணத்தைத் திரும்பச் செய்து சீட்டுக்கு அடியில் தெளித்தார்கள் என்று விளம்பரத்துறை எழுத்தாளர் மார்ட்டின் லிண்ட்ஸ்ட்ராம் 2005-ல் எழுதினார். 800 என்ற எண்ணில் விளம்பர வாசனை தூக்கலாகவே அடிக்கிறது. ஏக்கம் மட்டும் பொய்யில்லை.

அந்த ஏக்கத்துக்கு இன்று சந்தையில் விலை இருக்கிறது. 2001-ல் கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச் கண்காட்சி, புதுப்பிக்காத பழைய கார்களுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியது. 2015 பிப்ரவரியில் பாரிஸில், மேற்கு பிரான்சின் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் கிடந்த பையோன் குடும்பத்தின் 59 கார்களைத் தூசியைக்கூடத் தட்டாமல் ஏலம் விட்டார்கள். பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர் ஒன்று மட்டும் 1.6 கோடி யூரோவைத் தாண்டியது. இப்படிக் கொட்டகையில் கிடந்த காரை வாங்குகிறவர்களுக்கு ஒரு சிக்கல். அசல் குதிரைமயிரையும் கம்பளியையும் பிடுங்கி எறிந்தால் மதிப்பு போய்விடும். வைத்துக்கொண்டால் வாடை போகாது. எலிகள் குதிரைமயிரில் கூடு கட்டுவதில் கெட்டிக்காரர்கள் என்பதால் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் 1993-க்குப் பிறகு பரவலாகத் தெரியவந்த ஹாண்டா வைரஸ், காய்ந்த எலிப்புழுக்கையின் தூசி வழியே தொற்றும். பெருக்காமல், முதலில் கிருமிநாசினியால் நனைத்துத் துடைக்க வேண்டும் என்பது அந்நாட்டு சுகாதாரத் துறையின் அறிவுரை.

பழமையின் மணம் என்று பூஞ்சையைப் பாராட்டுவதில் பொருளில்லை. தோலின் கொழுப்பும், ஆஷ் மரமும், எஞ்சின் எண்ணெயும் சேர்ந்த மணம் காரின் சொத்து. ஈரச் சாக்கு வாடை ஒழுகலின் ரசீது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் விரிப்பைத் தூக்கி அடி ஃபெல்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தையும், முன்கண்ணாடிப் பீடிங்கின் கீழ் மூலைகளையும், கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளையும் தடவிப் பாருங்கள். உள்ளே வாசனை அட்டை புதிதாகத் தொங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வாங்கிவிட்டால், ஒழுகும் இடத்தை அடைத்த பிறகே சீட்டைக் கழற்றி வெயிலில் வையுங்கள். அடைப்பதற்கு முன்பே வைத்தால் அடுத்த மழைக்குத் திரும்பவும் கழற்ற வேண்டியிருக்கும். முடிந்தால் வாரத்துக்கு ஒருமுறை கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். நாள்தோறும் அதே காரில் ஏறுகிறவரின் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும், எனவே வாடை போயிற்றா என்று வேறு யாரையாவது ஏற்றிக் கேளுங்கள்.